பேச்சு மிஸ்

கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. ஏழாம் வகுப்பில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. செவ்வாயும் வியாழனும் எங்கள் பள்ளிக்கு வரும் பேச்சுப் பயிற்சியாளர். பிள்ளைகளுக்கு ‘பேச்சு மிஸ்’. அவரோ ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நான்கு வார்த்தை பேசினால் அதிகம்.

நான் பாடம் எடுக்கும் அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் திக்குவாய். ‘ப’வில் வந்து நின்றால் நின்றதுதான். அவளுக்குப் பயிற்சி கொடுக்கத் தனி அறை தருவதாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

“தனியா எங்கிட்ட நல்லாத்தான் பேசறா சார். கிளாஸ்லதானே திக்குது? நான் அங்கயே உக்காந்துக்கறேன்” என்றார் பேச்சு மிஸ்.

ஒரு மாதம் கழித்து நோட்டைக் காட்டினார். அவள் எத்தனை முறை திக்கினாள் என்ற கணக்கு இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது என் கணக்கு.

“அவ திக்கினா ரெண்டு செகண்ட்தான் மிஸ். அதுக்கு மேல நீங்க பொறுக்கறதில்ல. நீங்களே சொல்லி முடிச்சுடறீங்க.”

“பாவமா இருக்குங்க.”

“புரியுது. ஆனா அது அவ சொல்ல வந்த வார்த்தையாச்சே.”

சுருக்கென்றது. பதினெட்டு வருஷ அனுபவம் எனக்கு! அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து விநாடி. எட்டு. “பனிக்கட்டி” என்றாள், தானாகவே. என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் காத்திருக்கப் பழகினார்கள். கணக்கு ஆசிரியருக்குத்தான் நாளாயிற்று. அவசரம் அவருடைய கூடப்பிறப்பு. அவர் வகுப்பிலும் போய் உட்கார்ந்தார் பேச்சு மிஸ்.

போன மாதம் அறிவியல் கண்காட்சி. கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பது எப்படி என்று பெற்றோர்களுக்கு விளக்கும் வேலையை அந்தப் பெண் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். பாதியில், “ப… ப…” என்று நின்றாள். முன்னால் நின்ற ஒருவர், “படிகாரமா பாப்பா?” என்றார்.

“இருங்க சார், அவளே சொல்லுவா.” சொன்னது யார் என்று திரும்பினேன். கணக்கு ஆசிரியர்!

“படிகாரம்” என்றாள். அதோடு நிற்கவில்லை, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள்.

அவளுடைய அம்மா, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பேச்சு மிஸ்ஸின் கைகளைப் பற்றிக்கொண்டார். “மேடம், எல்லாம் உங்களாலதான்…”

பேச்சு மிஸ் அம்மாவின் தோள்களைப் பிடித்து, மகள் பேசிக்கொண்டிருந்த பக்கமாக மெல்லத் திருப்பிவிட்டார்.