அம்மா நேர்ந்த பாட்டு

உடுப்பின் கழுத்துப் பட்டியில் கடைசிக் கொக்கி பூட்டுப்படவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான்.

ரொறன்ரோ நகர மையத்தில் ஓர் அரங்கில் ஒப்பேரா (முழுக் கதையையும் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசைநாடகம்) ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. போன வருடம் நான் போட்ட அதே உடுப்பு. தையல்காரப் பெண் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு என் கழுத்தில் விரலை வைத்து, "இங்கே ஏதோ தடிப்பாக இருக்கிறது" என்றாள். கிறிஸ்மஸ் பலகாரம் செய்த வேலை என்று சொல்லிச் சிரித்தேன். குரலில் ஒரு குறையும் இல்லை. குரல் நன்றாக இருக்கும்வரை எனக்கு ஒன்றும் வராது என்று நினைக்குமளவு தலைக்கனம் எனக்கு இருந்தது.

நான் மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். பதினாறு வயதில் அம்மாவோடு கனடாவுக்கு அகதியாக வந்து ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரே அறையில் குடியிருந்தேன். ஆங்கிலம் வராத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பில் விட்டார்கள். அந்த ஆசிரியை பியானோவை நிறுத்திவிட்டு என்னை மட்டும் திரும்பப் பாடச் சொன்னார். பிறகு பல்கலைக்கழகம், கூட்டுப்பாடகர் வரிசையில் பல வருடங்கள், கடைசியில் தனிப் பாத்திரங்கள். இத்தாலிய மொழியில் பாடிப் பாடிச் சாவதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். முதல் தரம் வந்து பார்த்த அம்மா, "நல்லாத்தான் பாடினனி. ஆனா கத்தியால குத்துப்பட்டவள் இவ்வளவு நேரம் பாடுவாளே?" என்றார்.

குடும்ப வைத்தியர் ஸ்கானுக்கு அனுப்பினார். பிறகு பயாப்சி (ஊசியால் சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது). தைராய்டில் (கழுத்தின் முன்புறம் இருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்று முடிவு வந்தது. பெரும்பாலும் குணமாகிற வகைதான் என்று அறுவை மருத்துவர் சொன்னார். ஆனால் கட்டி, குரல்நாணை (தொண்டைக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் தசைமடிப்பு) அசைக்கும் நரம்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"நரம்பைக் காப்பாற்ற முடிந்ததெல்லாம் செய்வேன். முடியாவிட்டால் கட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். சம்மதமா?" என்று கேட்டார்.

சம்மதம் என்றேன். வாய் சொன்னது. மனம் சொல்லவில்லை.

அம்மா அழவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், கோட்டைக் கழற்றாமலே அறிவித்தார்.

"மாதாவிட்ட நேர்ந்துபோட்டன். நீ சுகமாகி வந்தா, பெரிய வெள்ளிக்குக் கோயில்ல மாதா புலம்பல் நீதான் பாடுவாய் எண்டு."

சிலுவையில் இறந்த மகனைப் பார்த்து மாதா அழுவதாகப் பாடும் பாட்டு அது. எங்கள் ஆட்கள் மெழுகுதிரி நேர்வார்கள், தலைமுடி நேர்வார்கள், தங்கச் சங்கிலிகூட நேர்வார்கள். எல்லாம் அவரவருடையது. அம்மா என் தொண்டையை நேர்ந்துவிட்டு வந்திருந்தார்.

"என்னட்டக் கேக்காமல் ஏனம்மா நேர்ந்தனீங்கள்?"

"கேட்டா நீ ஓமெண்டுவியே?"

அறுவை முடிந்து கண் விழித்ததும் தாதியிடம் தண்ணீர் கேட்டேன். காற்று மட்டும் வந்தது. மாலையில் மருத்துவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கட்டியை முழுதாக எடுத்துவிட்டேன். நரம்பில் ஒட்டியிருந்ததைப் பிரித்தெடுத்தேன், நரம்பு அறவில்லை, ஆனால் இடது குரல்நாண் அசையவில்லை" என்றார். திரும்ப அசையுமா என்று எழுதிக் காட்டினேன்.

"அசையலாம். அசையாமலும் போகலாம். பல மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும்."

இதே அறுவைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறைத்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் கல்சியம் குறைந்திருக்கலாம். மற்றது, குரல் போனவர்கள் குசுகுசுத்துப் பேசினால் தொண்டைக்கு நல்லது என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். எனக்கு அதைத்தான் முதலில் தடுத்தார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசாதிருப்பது நம் சனத்துக்குப் புரியாத நோய். அஜின்கோர்ட் பகுதித் தமிழ்க் கடையில் கண்ட தூரத்து உறவுக்கார அன்ரிக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வருவதற்குள் அம்மாவுக்குப் போன் வந்துவிட்டது: "மேடையில பாடுறவவுக்கு எங்களோட கதைக்க ஏலாதோ?" அம்மா அன்று கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

நான் ஒத்திகை பார்த்த பாத்திரத்தை வேறொருத்தி பாடினாள். அதே உடுப்பு, கழுத்துப் பட்டி மட்டும் மாற்றித் தைத்தார்களாம். அருமையாகப் பாடினாள் என்று நண்பர்கள் நல்ல மனதோடு செய்தி அனுப்பினார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வேண்டாம்.

குரல் பயிற்சியாளர் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் ஸ்ட்ரோவை விட்டு, குமிழி வரும்படி முனகச் சொன்னார். பெரிய வாத்தியக் குழுவுக்கு மேலாகக் கேட்ட குரல், குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மாதங்கள் போக, பேச்சு கரகரப்பாகத் திரும்பியது. குரல்நாண் கொஞ்சம் அசைகிறது என்று தொண்டைக்குள் விட்ட கமராவில் காட்டினார்கள். உச்ச ஸ்தாயி வரவில்லை. இனி வராது என்று அவர்கள் சொல்லுமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கானில் நோய் இல்லை என்று வந்த அன்று எல்லோரும் உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றார்கள். ஓம் என்றேன், அறைக்குள் போய்த் தலையணையைக் குத்தினேன். நீங்களும் குத்தலாம். அது நன்றி கெட்டதனம் இல்லை.

தவக்காலம் வந்தது. அம்மா கறுப்புச் சேலையை எடுத்து இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி என் கட்டிலில் வைத்தார்.

"இந்தக் குரலோடயோ? சனம் பரிதாபப்படும் அம்மா. என்னால ஏலாது."

அம்மா சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "என்ர மகள் நல்லாப் பாடுவாள் எண்டு நான் நேரேல்லைப் பிள்ளை. பாடுவாள் எண்டுதான் நேர்ந்தனான்."

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குக் கோபத்தோடுதான் போனேன். சிலுவைக்குப் பக்கத்தில் நின்று, என் பழைய குரலுக்கு எவ்வளவோ கீழே தொடங்கினேன். சரியாக மூடாத குரல்நாண் வழியே மூச்சுக் கசிந்தது. மகனைப் பார்த்துத் தாய் கேட்கும் வரியின் நடுவில் குரல் அறுந்தது. ஒப்பேரா மேடையில் அப்படி நின்றுவிட்டால் அந்தப் பிழை முழுக்க முழுக்க உன்னுடையது. வேறு யாரும் உன் வரியைத் தொடமாட்டார்கள். இங்கே பின்னால் நின்ற பெண்கள் அந்த இடத்திலிருந்தே வரியை எடுத்துப் பாடினார்கள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புலம்பலை அப்படித்தான் பாடுவார்கள். எனக்கு மூச்சு வந்ததும் விட்டுத் தந்தார்கள். கடைசிவரை இப்படியே போனது.

ஒப்பேராவில் இரண்டு வருடம் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதுவோம். இப்போது அடுத்த இரத்தப் பரிசோதனைவரைதான் என் திட்டம் நீளும். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, பிறகு தேநீருக்கான காத்திருப்பு. ஒரு வசனம் பேசுமுன் மூச்சுப் போதுமா என்று பார்க்கிறேன். கழுத்துத் தழும்பைச் சால்வையால் மறைப்பதில்லை.

அந்தப் பெரிய வெள்ளி, பாடி முடித்து வெளியே வந்தபோது கோயில் வாகனத் தரிப்பிடத்தில் ஈரப்பனி தூறியது. காரில் ஏறி பெல்ட் போட்டதும் அம்மா பெருமூச்சு விட்டார்.

"நேர்த்திக்கடன் முடிஞ்சுது. இனி நீ பாடினாலும் சரி, பாடாட்டிலும் சரி. எனக்கு நீ இருந்தாலே காணும்."

காரை இயக்க எடுத்த திறப்பு கையில் இருக்க அழுகை வந்தது. அறுவைக்குப் பிறகு எத்தனையோ தரம் அழுதிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காற்றுத்தான் வரும். அன்று சத்தம் வந்தது. தடித்த, கரகரத்த, எனக்கே அறிமுகமில்லாத சத்தம். கார் முழுக்கக் கேட்டது.

அம்மா பதறிப்போய் என் கழுத்தில் கையை வைத்தார். "மெல்ல அழு பிள்ளை, தொண்டை நோகும்."

நான் மெல்ல அழவில்லை.