காற்று புகுந்த வழி

சமையலறை வாசலில் குந்தியபடி ருபியெம் கெளுத்தி மீன்களின் மண்டையில் குழவியால் அடித்துக்கொண்டிருந்தாள். கூடைக்குள் சாம்பல் தொட்ட கையை விட்டு ஒன்றை இழுப்பாள், கழுத்தை அழுத்துவாள், ஒரே அடி. இரண்டாவது அடி தேவைப்பட்டால் மீனுக்குத் திட்டு விழும். "சாகறதுக்குக்கூடச் சோம்பேறித்தனமா உனக்கு?" எதிர் வீட்டில் துணி காயப்போடும் எனக்கு அந்தச் சத்தத்திலேயே அன்றைக்கு அவளுடைய மனநிலை தெரிந்துவிடும்.

வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பாதி நோய் அங்கேயே பயந்து ஓடிவிடும் என்பான் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பார்ஜோ.

சோலோ நகரத்தின் தெற்கு ஓரத்தில் எங்கள் சந்து. அவள் செய்தது இங்கே எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம்தான். தலை வலித்தால், குமட்டினால், உடம்பு கடுத்தால் காற்று புகுந்துவிட்டது என்போம். முதுகில் எண்ணெய் தடவி, செம்புக் காசின் விளிம்பால் முதுகெலும்பிலிருந்து விலா நோக்கி வரிவரியாகச் சுரண்டினால் தோல் சிவந்து தடிக்கும், காற்று வெளியேறும். கணவனுக்கு மனைவி சுரண்டிவிடுவாள், மனைவிக்கு மகள். ருபியெம்மிடம் ஆட்கள் வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அவள் சுரண்டியதோடு விடமாட்டாள்.

"முதுகை யார் வேணா சுரண்டலாம். எந்த ஓட்டை வழியா உள்ள வந்துச்சுன்னு பாக்கணும். ஓட்டையை விட்டுட்டுச் சுரண்டினா ஆயுசு பூரா சுரண்டிக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்."

இந்தப் பிடிவாதம் அவளுக்குக் கணவனின் சாவில் வந்தது. கொத்தனார் கசான் வருடக்கணக்காக வயிற்றெரிச்சலுக்கு மூலைக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினான். எரிச்சல் அடங்கும், வேலைக்குப் போவான். ஏன் எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு நாள் சாரத்தின் மேல் நின்றபடி ரத்தமாக வாந்தியெடுத்து, சிமெண்டு குழைத்து வைத்திருந்த பலகை மேலேயே விழுந்து செத்தான். அடக்கம் முடிந்ததும் ருபியெம் வீட்டுக்கு வரவில்லை. மூலைக் கடைக்குப் போய் மாத்திரை அலமாரியை இழுத்துக் கீழே சாய்த்தாள். உடைந்த கண்ணாடி அவளுடைய முழங்கையைக் கிழித்தது.

"கேட்டதைத்தானே யூ குடுத்தேன்?" என்று கடைக்காரன் அழுதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்று 'யூ' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"கேட்டா விஷமும் குடுப்பியா?" என்று அவன் காதோடு அறைந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் சந்தில் யாரும் காரணம் சொல்லாமல் தலைவலி என்று சொல்ல முடியாமல் போனது. பார்ஜோவுக்குக் கழுத்து திரும்பவில்லை. அவன் ரிக்‌ஷாவிலேயே சுருண்டு படுக்கிறான் என்று கண்டுபிடித்து, மீன் வெட்டும் கத்தியால் மூன்று சக்கரத்தையும் குத்தினாள். அவன் தெருவில் நின்று கத்தினான். "வைத்தியமா யூ இது? கொள்ளை!" அவள் கத்தியைத் துடைத்தபடி, "கழுத்தைத் திருப்பிப் பேசற பாரு, குணமாயிடுச்சு," என்றாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுபார்னி வர ஆரம்பித்தது மழைக்காலத்தில். கால்வாய்ப் பக்கம் சோயாப் பாலைக் காய்ச்சி டோஃபுக் கட்டி செய்யும் வியோனோவின் மனைவி. அவனே அவளை மோட்டார் சைக்கிளில் அழைத்து வருவான். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதன், சந்துக்குள் நுழையும்போதே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவான். "மறுபடியும் காத்து, யூ. ராத்திரியெல்லாம் வாந்தி. நல்லா அழுத்திச் சுரண்டிவிடுங்க. தோள்பட்டை வரைக்கும்." சுகாதார நிலையத்தில் தலைவலிக்கும் வயிற்றுக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவள் விழுங்கினாள், வாந்தியெடுத்தாள், திரும்ப வந்தாள்.

அவளுடைய முதுகைப் பார்த்து ருபியெம் ஆச்சரியப்பட்டாள். சுரண்டுவதற்கு முன்பே அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. "இவ்வளவு கெட்ட காத்தை நான் பாத்ததே இல்லை," என்று என்னிடம் சொன்னாள். எப்படி வந்தது என்று கேட்டால் சுபார்னி ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வாள். ராத்திரிக் குளியல். குளிர்ச்சட்டை போடாமல் வண்டியில் வந்தது. வெறும் தரையில் படுத்தது.

ருபியெம் வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ஜன்னல், அதன் கீழே கால்வாய். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சுவரைத் தட்டினாள். "இதுதான்! மண்டை மேலேயே வாசலைத் திறந்து வச்சிருக்கீங்களே!"

"அது இருக்கட்டும் யூ," என்றாள் சுபார்னி. "புழுங்கும். சோயா வேகற சூடு."

"புழுங்கினா செத்தா போவ? வாயை மூடு."

வியோனோ அன்றைக்கே பலகை வாங்கி வந்து ஜன்னலை அறைந்து மூடினான். அவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சைக் கேட்ட நோயாளி வீடு வேறு இல்லை என்று ருபியெம் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

ஜன்னலை மூடியும் காற்று நிற்கவில்லை. சுபார்னி முன்னைவிட அடிக்கடி வந்தாள். ஒரு கண்ணின் வெள்ளையில் ரத்தம் படர்ந்திருந்தது. ருபியெம் கோபத்தில் இன்னும் ஆழமாகச் சுரண்டினாள். சுபார்னி தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கீரை வண்டிக்காரனிடம் நாங்கள் நின்றிருந்த ஒரு காலையில்தான் லாஸ்மி அதைச் சொன்னாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம், வியோனோவின் வீட்டுக்கு எதிரே குடியிருப்பவள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும் யூ, அந்த ஜன்னலை அடைச்சதுக்கு. இப்பதான் நிம்மதியாத் தூங்கறோம். முன்னாடியெல்லாம் அவன் போடற அடியும் அவ கத்தறதும் எங்க வீட்டுக்குள்ளேயே நடக்கற மாதிரி இருக்கும்."

ருபியெம்மின் கையில் தக்காளி இருந்தது. விரல்களுக்கிடையே அது வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"ஏன்டி சொல்லல?"

"அவங்க வீட்டு விஷயம். நாம எதுக்கு?"

மிச்சத் தக்காளி லாஸ்மியின் முகத்தில் விழுந்தது. கீரைக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அடுத்த முறை வியோனோ மனைவியை அழைத்துவந்தபோது நான் கழுத்துப் பிடிப்புக்காக அங்கே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவனுடைய தங்கைக்குக் கல்யாணம். அவன் வெளியே வண்டி மேல் உட்கார்ந்து கிராம்புச் சிகரெட் பற்றவைத்தான். சுபார்னி சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தாள். பிடரியிலிருந்து இடது தோள்பட்டை வரை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை, நடுவில் கருப்பு, ஓரத்தில் மஞ்சள்.

ருபியெம் காசை எடுக்கவில்லை. எல்லோரும் சுபார்னியைச் சுருக்கி 'நி' என்று கூப்பிடுகிறபடியே கேட்டாள். "காத்து எங்கேயிருந்து வருது, நி?"

"ராத்திரி குளிச்சேன், யூ."

"எந்தக் கைன்னு கேக்கறேன்."

சுபார்னி தலையணையை முகத்தோடு இழுத்துக்கொண்டாள்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "நல்லா அழுத்துங்க யூ. நாளைக்குக் கழுத்து இறங்கின கெபாயாச் சட்டை போடணும் அவ."

"கோடு போட மாட்டேன்," என்றாள் ருபியெம், வாசலைப் பார்த்து. "நாளைக்கு உங்க சொந்தக்காரங்க இதை இப்படியே பாக்கட்டும். நீ வரைஞ்சதை நான் எதுக்கு அழிக்கணும்?"

அவன் உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான், அந்த மரியாதை அப்போதும் விடவில்லை. சுபார்னியின் முடியைக் கையில் சுற்றி இழுத்தான். அவள் கட்டிலிலிருந்து முழங்கால் பட விழுந்தாள். ருபியெம் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் திரும்பி அவள் வாயில் குத்தினான், அவள் சரிந்ததும் வயிற்றில் உதைத்தான். எண்ணெய்ப் புட்டி சுவரில் மோதிச் சிதறியது. நான் கத்திக்கொண்டே எழுந்து கையில் கிடைத்த முக்காலியை அவன் முதுகில் போட்டேன், அவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ருபியெம் மட்டும் பிடித்த கையை விடவில்லை. சுளுக்கு எடுக்கிறவள், விலகிய எலும்பைப் பொருத்துகிறவள். எப்படி விலக்குவது என்றும் அவளுக்குத் தெரியும். அவனுடைய கட்டைவிரலைப் பின்பக்கமாக மடக்கி ஒரு திருகு திருகினாள். கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன் சந்து முழுக்கக் கேட்கும்படி அலறினான்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பார்ஜோ முன்னால் நின்றான். "என்ன யூ ஆச்சு இவனுக்கு?"

ருபியெம் ரத்தத்தைத் தரையில் துப்பினாள். கூடவே ஒரு பல்லும் விழுந்தது. "காத்து புகுந்துடுச்சு," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். லாஸ்மி சிரிக்கவில்லை. "விரலைப் போட்டு விடு, யூ. கல்யாண வீடு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நாளைக்கே சரியாயிடும்."

"போட்டு விடறேன். மொதல்ல காத்து எப்படி வருதுன்னு இவ வாயால சொல்லட்டும். நான் சொன்னா அது என் வைத்தியம். இவ சொன்னாத்தான் நோய்."

எல்லோரும் சுபார்னியைப் பார்த்தார்கள். மார்பின் மேல் சட்டையைப் பிடித்தபடி அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பேச மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"துடுப்பு," என்றாள். "சோயாப் பால் கிண்டற துடுப்பு. பால் அடி பிடிச்சா. பிடிக்காட்டியும். விசேஷம் வந்தா இங்க கூட்டிட்டு வருவாரு, கோடு விழுந்தா நீலம் தெரியாதுன்னு." பிறகு ருபியெம்மை நிமிர்ந்து பார்த்தாள். நன்றி சொல்கிற முகம் இல்லை அது. "ஜன்னல் இருந்தப்ப எதிர்வீட்டுக்குக் கேக்குமேன்னு கொஞ்சமாவது பயப்படுவாரு. இருக்கட்டும்னு சொன்னேன். நீங்க வாயை மூடச் சொன்னீங்க."

ருபியெம் வியோனோவின் பக்கம் தவழ்ந்து போய் அவன் கையை மடியில் இழுத்து வைத்தாள், விரலை இழுத்து உள்ளே தள்ளினாள். அவன் மறுபடி அலறினான். அதற்கு அவள் கொஞ்சம்கூட மென்மை காட்டவில்லை.

அவன் கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். வாசலுக்குப் போய் நின்றபோது குரல் பழையபடி இறங்கியிருந்தது.

"விடிஞ்சா கல்யாணம், நி. அம்மா கேப்பாங்க. ஊற வச்ச சோயா அப்படியே கிடக்கு. வா."

சுபார்னி சட்டையின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒன்று தப்பியது.

"வர்றியா, இல்லையா?"

லாஸ்மி கூட்டத்துக்குள்ளிருந்து, "போடி, கூப்பிடறான் பாரு," என்றாள். சுபார்னி சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பெரிய துண்டுகளைத் தனியாக வைத்தாள், சின்னதைப் பாவாடை நுனியால் ஒதுக்கினாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் அவளுடைய உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒற்றைக் கையால் கதவைப் பிடித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்ட கூட்டத்தின் நடுவே வெளியே போனான்.