கழுத்தால் மூச்சு விடுகிறவரும் நானும்

காது, மூக்கு, தொண்டை வேலை என்பது ஓட்டைகளோடு மாரடிக்கிற வேலை: அடைபட்டதைத் திறக்கவேண்டும், திறந்ததை அடைபடாமல் பார்க்கவேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அற்றென்டனாக இருந்தேன். மாதத்தில் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து காது மூக்குத் தொண்டை டொக்டர் வருவார். மற்ற நாட்களில் நேர்ஸ் மிசியும் நானும்தான். விடியவே பஸ் ஏறி வந்து, டொக்டர் வருவாரோ மாட்டாரோ என்று வாங்கிலில் குந்தியிருந்தவர்கள் உங்களுக்குள்ளும் இருப்பார்கள். வாங்கிலுக்கு முன்னால் நின்ற எனக்கும் அதே யோசனைதான்.

கைதட்டு

சவிரிமுத்தண்ணை கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் கூறினால் அடுத்த கரைக்குக் கேட்கும் என்பார்கள். வாயில் எந்நேரமும் சுருட்டு. தொண்டையில் புற்றுநோய் என்று கண்டு, யாழ்ப்பாணத்தில் குரற்பெட்டியையே வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போனது. கழுத்தில் ஒரு துளை; மூச்சு அதுவழியாகத்தான் வரும், போகும். காற்றை விழுங்கி ஏப்பம்போல் ஏவறையாக மேலே விட்டால் அந்த ஏவறையையே சொல்லாக்கலாம் என்று டொக்டர் தானே செய்து காட்டினார். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு பேருக்கு முன்னால் ஏவறை விட்டுப் பேசுவதா?

எண்பத்தைந்து, எண்பத்தாறு அளவில் நடந்தது இது. நேவி கடலுக்குப் போக விடுகிற நாளும் உண்டு, விடாத நாளும் உண்டு. தொழில் நடந்த நாட்களில் அவருடைய இடத்தில் பெண்சாதியின் தம்பி சில்வேஸ்தர் நின்று கூறினான். மாரி முடியுமட்டும் பார்ப்பம், அதற்குப் பிறகும் சவிரிக்குச் சத்தம் வராவிட்டால் இடம் சில்வேஸ்தருக்குத்தான் என்று வள்ளக்காரர் சொல்லிவிட்டார்கள். அண்ணை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். துளையைத் துடைத்துத் துணி மாற்ற அவரைக் கூட்டிவந்த பெண்சாதி திரேசக்கா என்னிடம் முறையிட்டா: "முந்தி 'இஞ்சேர்' எண்டெண்டாலும் கூப்பிடுவார், இப்ப கைதட்டுறார், கோழியைக்கூட வாயாலைதானே கூப்பிடுறனாங்கள், தங்கச்சி?"

ஊதின தேத்தண்ணி

ஒருநாள் துணி மாற்றி முடிந்ததும் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். நல்ல சூடு. பழக்கத்தில் குனிந்து ஊதினார். கழுத்துத் துணி படபடவென்று அடித்தது; கோப்பையில் ஒரு சுழிகூட இல்லை. இன்னொருமுறை ஊதினார். அப்போதும் துணிதான் ஆடியது. கோப்பையை வாங்கிலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மிசியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். ஊத ஏலாது, உறிஞ்ச ஏலாது, மூக்கால் காற்றுப் போகாததால் மணமும் பிடிபடாது என்றா. மீன்காரனுக்கு மணம் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்க, அதை டொக்டரிடம் கேள் என்றா.

பக்கத்தில் இருந்தவர் சரவணைக் கந்தையர், புகையிலைக்காரர். மூக்குக்குள் சதை வளர்ந்து வருடக்கணக்காக வாயால் மூச்சு விட்டவர். அதை வெட்ட நாள் குறித்துக்கொண்டு போக வந்திருந்தார். அவர் தன் பங்குக்குத் தேற்றினார்: "கவலைப்படாதையும் சவிரி, இனி உம்மை ஒருத்தரும் அடுப்பூதச் சொல்லமாட்டினம்."

மூக்குத் திறந்தவர்

கந்தையருக்கு வெட்டிச் சரியாகத்தான் வந்தது. குறட்டை நின்றது, சாப்பாட்டில் உருசி வந்தது. வந்த பிறகுதான் வில்லங்கம். ஆட்டுக்கொட்டில் நாறுது என்றார். குசினி நாறுது என்றார். இத்தனை வருடம் ஒரு குறையும் சொல்லாமல் தின்ற கருவாட்டுக் குழம்பை ஒரு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாராம். கட்டிலைத் தூக்கி வேப்பமரத்துக்குக் கீழே போட்டுக்கொண்டாராம்.

அவருடைய மனுசி புகையிலைத் தோட்டத்தில் இறைப்பை விட்டுவிட்டு, மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தா. வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டா: "பிள்ளை, பழையபடி அதை அடைச்சுவிடுறதுக்கு டொக்டரிட்டை ஒரு மருந்தும் இல்லையோ?"

வள்ளம் ஏற்றினது

நான் சவிரிமுத்தண்ணைக்குச் சொன்ன புத்திமதிகளை எண்ணி முடியாது. மணல் பறக்கிற பக்கம் போகாதேயுங்கோ, கிணற்றடியில் தலையில் வாளியைக் கவிழ்க்காதேயுங்கோ, இலையான் துளைக்குள் பறந்து போய்விடும், துணியை நனைத்துக் கட்டுங்கோ. கடலில் இடுப்பளவுக்கு மேல் இறங்கினால் கழுத்தாலே தண்ணி நேரே சுவாசப்பைக்குள் போகும் என்று மிசி சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. டொக்டர் வந்தபோது, இந்த மனிதனைக் கரைப்பக்கமே போகவேண்டாம் என்று சொல்லுங்கோ ஐயா என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார். ஈரத்துணி கட்டிக்கொண்டு போகட்டும், தண்ணிக்குள் இறங்காமல் நின்றால் போதும், வீட்டுக்குள் கிடப்பதுதான் கெடுதி என்றார்.

அடுத்த நாளே அண்ணை கரைக்குப் போனாராம். எல்லாரும் சேர்ந்து ஒரு வள்ளத்தைத் தள்ளி மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவரும் போய்த் தோளைக் கொடுத்தார். பாரம் தள்ள மூச்சைப் பிடிக்கவேண்டும். இவர் பிடித்த மூச்சு கழுத்தால் சீறிக்கொண்டு போய்விட்டது. கால் வழுக்கி மணலில் குந்திவிட்டார். அன்றைக்குப் பின்னேரம் அவர் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். வயிற்றைத் தொட்டு, வாயைத் தொட்டு, ஏவறைப் பேச்சைப் பழக்கிவிடு என்று சைகை காட்டினார். என்ன நடந்தது என்று பின்னால் வந்த திரேசக்காவிடம் கேட்டேன். தம்பிக்காரன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னதை அப்படியே சொன்னா: "அத்தான், நீங்கள் தள்ளாமல் நிண்டால் வள்ளம் கெதியாய் ஏறும்."

சோடா

டொக்டர் சொல்லிவிட்டுப் போன முறைப்படி மிசியும் நானும் மருந்து கட்டுகிற அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழக்கினோம். முதலில் சோடாவைக் குடித்து வருகிற ஏவறையைப் பிடிக்கவேண்டும், பிறகு வெறும் காற்றை விழுங்கவேண்டும். முதல் கிழமை சோடாவும் காற்றும் வீண். அண்ணை வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுதான் முயன்றார். எனக்கோ, ஏதாவது வெடித்துவிடுமோ என்ற பயம்.

ஒரு நாள் தவளை கத்தினதுபோல் ஒரு சத்தம் வந்தது. "ஓம்." மூன்று பேரும் ஆளையாள் பார்த்தோம். அடுத்த விழுங்கலுக்கு "மீன்." ஒரு விழுங்கலுக்கு ஒரு சொல், அதுவும் குட்டிச் சொல்லாக இருக்கவேண்டும். மிசி கைகொட்டிச் சிரித்தா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியில் வாங்கிலில் காதுவலியோடு இருந்த ஒரு கிழவர் கதவைத் தட்டினார்: "பிள்ளையள், உள்ளுக்கு ஆருக்கோ சமியாக்குணம் போலை, ஓமத்தண்ணி குடுங்கோவன்."

ஏலம்

மாரி முடிந்து முதல் பெரிய மீன்பாடு பட்ட காலை நானும் கரைக்குப் போனேன். பையில் சுத்தமான துணி, குறடு, தண்ணிப் போத்தல். வள்ளக்காரர் முழுப்பேரும் வந்திருந்தார்கள். சில்வேஸ்தர் மீன் குவியலுக்கு ஒரு பக்கம், அண்ணை மற்றப் பக்கம். அண்ணை காற்றை விழுங்கி விலையைக் கூறினார். பின்னால் நின்றவர்கள் "என்னவாம்?" என்றார்கள். முன்னால் நின்றவர்கள் "உஷ்" என்றார்கள். அந்தக் கரையில் மீன் விற்கும்போது அலைச்சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டு குவியல் போனது. பாரை மீன் ஒன்றை மோந்து பார்க்கக் குனிந்த அண்ணை, பாதியில் நிமிர்ந்து, செவுளைத் திறந்து நிறம் பார்த்து வைத்தார்.

மூன்றாவது குவியலுக்குக் காற்று வரவில்லை. விழுங்கினார், வரவில்லை. மறுபடி விழுங்கினார். முகம் சிவந்தது, கழுத்துத் துணி ஏறி இறங்கியது. வள்ளக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இடம் போகப்போகிறது என்று நான் பைக்குள் தண்ணிப் போத்தலைத் தேடினேன். சில்வேஸ்தர் நெஞ்சை நிமிர்த்திக் கூற வாயைத் திறந்தான். முன்வரிசையில் கடகத்தோடு குந்தியிருந்த மீன்காரி றோசம்மா திரும்பியும் பாராமல் சொன்னா: "பொறு சில்வேஸ்தர், மனுசன் காத்தை விழுங்கட்டும், மீன் செத்துத்தான் கிடக்கு, ஓடாது."

அதற்குப் பிறகு அண்ணை தொழில் நடந்த ஒவ்வொரு நாளும் தன் இடத்தில் நின்று கூறினார், நான் ஒவ்வொரு நாளும் அவர் துளைக்குள் மணல் போகுமோ என்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துக்கொண்டு என் தேத்தண்ணியை ஆறவிட்டேன். வைத்தியத்தில் சுகம் வருவது நோயாளிக்கு மட்டும்தான்.