மேட்சிங் ஸ்வர்ணலதாவின் மூன்று மாதச் சர்க்கரை

“இது சேமியா பாயசம் கலரு. உங்க பொடவை பால்கோவா. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா” என்று சொல்லும்போதே ஸ்வர்ணலதாவின் கை பின்னால் போய் அடுக்கிலிருந்து வேறொரு துணியை உருவிவிடுகிறது. திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாண்டி பஜாரில், புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டர் ஒன்றில் பட்டுப் பக்கம் நிற்பவர் அவர். ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம். காதில் சிவப்புக்கல் கம்மல், தோளில் அளவுநாடா, புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

நிறங்களுக்கெல்லாம் அவரிடம் தின்பண்டப் பெயர்கள்தான். கேசரி, பாதுஷா, ஜாங்கிரி, கருப்பட்டி. துணி கம்பெனிக்காரர்கள் அட்டையில் அச்சடித்து அனுப்பும் இங்கிலீஷ் பெயர்களை அவர் சட்டை செய்வதில்லை. “‘டஸ்கி பீச்’னு போட்டுக்கீறான். அத்த எவன் கண்டான்? ஜாங்கிரின்னா உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

வாயிலும் அதே இனிப்புதான் இருந்தது. கடைக்கு வரும் டீயில் சர்க்கரை அடியில் தங்க வேண்டும். குடித்து முடித்ததும் டம்ளரைச் சாய்த்து விரலால் வழித்துத் தின்பார். கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் லட்டு கொண்டுவந்தால் முதல் லட்டு அவருக்குத்தான் போகும்.

போன வருஷம் ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால், மயிலாப்பூரிலிருந்து ஹம்சா என்ற வாடிக்கைக்காரப் பெண்மணி, முதல் நாள் வாங்கிப்போன துணியோடு திரும்பி வந்தார். பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவைக்கான துணி அது. “ஆத்துல போய் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தா சேரவே இல்லை. நீங்களா எடுத்துக் குடுத்தேள்?” என்றார். கோபத்தைவிட அவர் குரலில் ஆச்சரியம்தான் அதிகம். கல்லாவில் இருந்த முதலாளி ஜவஹர் வேறு துணி கொடுத்து அனுப்பினார். கடை டியூப்லைட் சரியில்லை என்று ஸ்வர்ணலதா முணுமுணுத்தார். டியூப்லைட்டில் குறை இல்லை என்பது அவருக்கே தெரியும். நாலைந்து நாளாகவே பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகு, பக்கத்தில் நிற்கும் லாவண்யாவிடம் ஒவ்வொரு துணியையும் நீட்டி, “இது செட்டு ஆவுதா, நீ சொல்லு பாப்போம்” என்று கேட்க ஆரம்பித்தார். லாவண்யா வேலைக்குச் சேர்ந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அக்கா தொழில் கற்றுத்தருகிறார் என்று அவளுக்கு ஒரே பெருமை. அக்காவோ அவள் கண்ணைக் கடன் வாங்கி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக் கடையில் ஒரு பவர் சொன்னார்கள். அடுத்த வாரம் போனால் வேறு பவர். இது கண்ணாடியில் தீருகிற விஷயமாகத் தெரியவில்லை, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்தபோது ஸ்வர்ணலதா சந்தோஷப்பட்டதை இன்றும் சிரித்தபடி சொல்கிறார்: “ஒம்போது புள்ளி நாலுன்னு போட்டிருந்துச்சா? நூத்துக்கு ஒம்போதுதானே, கம்மிதானேன்னு நெனச்சுக்கினு ஜாலியா போய் குந்திகினேன்.” ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் முகம் மாறியது. கண்ணின் உட்புறம் இன்னும் கெடவில்லை, சர்க்கரை ஏறி இறங்குவதால்தான் மங்குகிறது, அது ஒரு நிலைக்கு வரட்டும், அதன் பிறகு கண்ணாடி போடலாம் என்றாராம். “‘இன்னும்’னாரு பாரு. அந்த ஒரு வார்த்தைய வூட்டுக்குப் போற வரைக்கும் சொல்லிக்கினே போனேன்.”

வேளைக்கு ஒரு சிறு மாத்திரை. மற்றதெல்லாம் தட்டிலும் காலிலும் இருக்கிறது என்று, கண் டாக்டர் அனுப்பிவைத்த சர்க்கரை டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் கடை திறந்ததும் ஜவஹரிடம் போய் நின்றார். திருநெல்வேலிக்காரரான ஜவஹர் அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?” என்றார். பிறகு, “சரியாவுற வரைக்கும் லைனிங் துணி பக்கம் நில்லுங்க. பட்டுப் பக்கம் இந்தப் பொண்ணு பாக்கட்டும். புதுசா ஆள் எடுக்க மாட்டேன்” என்றார். ஸ்வர்ணலதா தலையாட்டிவிட்டு, ரவிக்கையின் உள்பக்கம் தைக்கும், நிறம் சற்று மாறினாலும் தெரியாத லைனிங் துணியின் பக்கம் போனார். இருபது வருஷத்துக்கு மேல் நின்ற இடத்தை எதிர்ப்புறமிருந்து பார்த்தபடியே ஆடித் தள்ளுபடி முழுவதையும் கழித்தார்.

ஈக்காட்டுத்தாங்கல் வீட்டில் சமையல் மாறியது. தட்டில் முதலில் பொரியல், சுண்டல். அவை பாதி வயிற்றை அடைத்த பிறகு ஒரு கரண்டி சோறு. பட்டறையில் லேத் ஓட்டும் கணவர் வேலு இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் தன் தட்டிலும் அதையே போடச் சொன்னார். காலையில் சீக்கிரம் பஸ் பிடித்து, கடை திறக்கும்வரை நடேசன் பூங்காவைச் சுற்றி நடந்தார் ஸ்வர்ணலதா. கான்வாஸ் ஷூ அப்போது வந்ததுதான். டீயில் சர்க்கரை நின்றது. “மொத வாரம் கசாயம் குடிக்கிற மாரியே இருந்துச்சு. இப்போ எவனாச்சும் சக்கரை போட்டுக் குடுத்தா கொமட்டுது.”

சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. இவ்வளவும் செய்தும் பார்வை முன்பைவிட மங்கியது. பஸ் நம்பர் தெரியவில்லை. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். மாத்திரைதான் கண்ணைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டார். ஏறியிருந்த சர்க்கரை இறங்கும்போதும் சில வாரம் இப்படி இருக்கும், விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமலே மறுநாளும் நடக்கப் போனார்.

ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை அவர் செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். பேரன் படத்தைக் காட்டுவதுபோல் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். ஒருமுறை பரிசோதனைக்கு முதல் நாள் இரவு வெறும் மோரோடு படுத்துவிட்டார். காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வந்தது. டாக்டர் சிரித்துவிட்டு மூன்று மாதச் சராசரிப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். ஏழு புள்ளி எட்டு. “காத்தால டெஸ்ட ஏமாத்திடலாம். மூணு மாச சுகரு கீதே, அது நம்ம வூட்டு ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினே இருக்கும். அத்தாண்ட ஒண்ணும் வேலைக்காவாது.” அகப்பட்டுக்கொண்டாலும், எண் இறங்கியிருந்தது. பூங்கா வாசலிலிருந்தே பஸ் நம்பரும் தெரிய ஆரம்பித்தது.

தீபாவளிக்குக் கடையில் கொடுத்த ஸ்வீட் பெட்டியை வேலு அப்படியே பட்டறைக்கு எடுத்துப்போனார். “நீ பாத்துக்கினு இருக்கசொல்ல நான் எப்டி துன்றது?” என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் ஸ்வர்ணலதாவின் பேச்சு கொஞ்சம் தணிகிறது.

தை மாத முகூர்த்தக் கூட்டத்தில்தான் அடுத்த முடிவு வந்தது. நான் என் தங்கைக்கு ரவிக்கைத் துணி வாங்கப் போயிருந்தேன். லைனிங் பக்கம் ஸ்வர்ணலதாவின் செல்போன் ஒலித்தது. எடுத்துப் பார்க்காமல் அதைத் துணிக்கட்டின் மேல் கவிழ்த்துவைத்தார். ஒரு பெண்ணுக்கு லைனிங் அளந்து கொடுத்தார். மீதித் துணியை மடித்து அடுக்கினார். அதற்கப்புறம்தான் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்தார்.

“இன்னா போட்டுக்கீதுக்கா?” என்று லாவண்யா கத்தினாள்.

“ஆறு புள்ளி ரெண்டு.” சொன்னவர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

கல்லாவிலிருந்து ஜவஹர் எட்டிப் பார்த்தார். “கண் டாக்டர் என்ன சொன்னாரு?”

“போன வாரமே பாத்துட்டாரு. நல்லா கீதாம், படிக்கிறதுக்கு மட்டும் கண்ணாடியாம். வருசா வருசம் வந்து காட்டணும், வாயக் கட்டணும், விட்டா திரும்பிடும்னாரு.”

“அப்போ பட்டுப் பக்கம் வாங்க. அந்தப் பொண்ணு தனியாத் திண்டாடுது.”

அங்கே ஒரு அம்மாள் கருநீலமும் கத்தரிப்பூவும் கலந்த பட்டு ஒன்றை விரித்துவைத்திருந்தார். இரண்டு துணிகளை வைத்துக்கொண்டு லாவண்யா விழித்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். ஸ்வர்ணலதா இரண்டையும் வாங்கிப் புடவை மேல் வைத்தார். ஒருமுறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றதை அளந்தார். ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு யாரையும் கேட்காமல், இரண்டு கைகளாலும் பிடித்து, சர்ரென்று கிழித்தார்.