எலுமிச்சம்பழப் பரீட்சை

சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை வலது கையால் பிடித்தபடி ஸ்கூட்டரோடு ஓடுகிறார் ஜெயக்கொடி. சேலைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டை. காலில் செருப்பு இல்லை. வண்டியில் இருப்பவர் ரேஷன் கடையில் வேலை பார்க்கும் பெண். இரண்டு கால்களையும் தரையில் இழுத்துக்கொண்டே போகிறார். ஜெயக்கொடி வாயிலிருந்து வருவது ஒரே சொல்.

"காலு." பத்தடி போனதும் மறுபடியும், "காலு தாயி, காலு."

பிரேக்கைப் பற்றியும் ஆக்சிலேட்டரைப் பற்றியும் அவர் அதிகம் பேசுவதில்லை. முப்பது வயதுக்கு மேல் வண்டி பழக வருகிறவர்களுக்குப் பயம் முழுவதும் காலில்தான் இருக்கிறது, அது தரையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர் கட்சி.

இடம் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய். வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் தண்ணீர் இருக்காது. ஆடும் மாடும் நடந்து நடந்து தரை மட்டமாகிவிடும். சுற்றிலும் கருவேல மரங்கள். அதனால் காலையில் முதல் வேலை விளக்குமாறுதான். முள் ஒன்று விடாமல் கூட்டிவிட்டுச் செருப்பைக் கரையிலேயே கழற்றிப் போட்டுவிடுவார். தான் கூட்டிய தரை மீது அவ்வளவு நம்பிக்கை.

நானும் அவரிடம் படித்தவள்தான். பன்னிரண்டு நாளில் மூன்று முறை விழுந்தேன். மூன்று முறையும் அவர் முதலில் தூக்கியது வண்டியைத்தான்.

கடைசி நாள் பரீட்சை உண்டு. புது வண்டி எடுத்தால் முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது ஊர் வழக்கமல்லவா, அந்தப் பழத்தைத்தான் இவர் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டார். கண்மாய் நடுவில் ஒரு பழம். நாற்பது தப்படி தள்ளியிருந்து வந்து, இரண்டு காலும் மேலே இருக்க, முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்ற வேண்டும். பழம் நசுங்கினால் பாஸ். லைசென்ஸ் ஆபீசில் எட்டுப் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். "நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களாச்சேக்கா, உங்களுக்கு எதுக்கு எலுமிச்சம்பழம்?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். "பழத்துக்கு என்னத்தா வேதம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவளை இன்னொரு சுற்று ஓட்டச் சொன்னார்.

போன ஆவணியில் அவரைத் தேடி ஒரு வேலை வந்தது. அருப்புக்கோட்டையில் உள்ள ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமின் மேனேஜர் ஜெகதீஸ்வரன், பளபளக்கும் ஷூவோடு கண்மாய்க்குள்ளேயே இறங்கி வந்தார். வண்டி எடுக்க வரும் பெண்கள் பாதிப் பேர் "ஜெயக்கொடிக்கா சொன்னாக" என்கிறார்களாம். பெண் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் வேலை, மாதச் சம்பளம், பி.எஃப்., ஏ.சி., நாற்காலி. நான்கு நாள் வந்து பாருங்கள், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றார்.

நாற்காலி சாதாரண விஷயம் இல்லை. பதினோரு வருடம் நூல் மில்லில் நின்றும், ஏழு வருடம் கண்மாயில் ஓடியும் ஜெயக்கொடியின் வலது முட்டி போய்விட்டது. இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதோடு ஐப்பசியில் கண்மாய் நிறைந்தால் ஊருக்கெல்லாம் சந்தோஷம். இவருக்கு மட்டும் தண்ணீர் வற்றும் வரை வேலை கிடையாது. மழை வேண்டும் என்று ஜெபிப்பதா, வேண்டாம் என்று ஜெபிப்பதா என்று வருடா வருடம் குழம்புவார். பந்தல்குடிப் பக்கம் லோடு வண்டி ஓட்டும் கணவர் ஞானையாவுக்குக் குழப்பமே இல்லை. "உக்காந்து பாக்குற வேலை உன்னத் தேடி வருது. முட்டிய நெனச்சுப் பாரு" என்றார். நானும் அதையேதான் சொன்னேன்.

முதல் மூன்று நாள் நன்றாகவே போயிற்று. பெண்களின் உயரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எந்த வண்டியில் கால் எட்டும், எதில் எட்டாது என்று பட்டென்று சொன்னார். ஜெகதீஸ்வரனுக்கு வாயெல்லாம் பல்.

நான்காம் நாள் காளீஸ்வரி வந்தாள். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடி வேலை. இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவள், தன் பெயரில் ஸ்கூட்டர் எடுத்தாள். மாலை போட்டார்கள். முழ நீள அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடிந்ததும் அவளுடைய அண்ணன் பால்ச்சாமி நிஜச் சாவியை வாங்கி முன்னால் உட்கார்ந்தார். அவளுக்கு ஓட்டத் தெரியாது, நானே கொண்டுபோய் விட்டுக்கொள்வேன் என்றார். காளீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஏறப் போனாள்.

ஜெயக்கொடி குனிந்து, சக்கரத்தடியில் இருந்த பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "இது ஒங்க பழம் தாயி. நீங்க ஏத்தணும். கண்மாய்க்கு வாங்க."

புது வண்டிக்கு வைத்த பழத்தை யாராவது எடுப்பார்களா? பால்ச்சாமி கண்டபடி பேசிவிட்டு, எதிர்க்கடையில் வேறு பழம் வாங்கிவந்து நசுக்கிக்கொண்டு போனார்.

ஜெகதீஸ்வரன் திட்டவில்லை. இனிமேல் பழத்தைத் தொடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "சாவி குடுக்குற வரைக்குந்தான்க்கா நம்ம வேலை. அப்பறம் யாரு ஓட்டுனா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச் முடிந்து வந்த பிறகு நான் வீட்டுக்குப் போனபோது ஜெயக்கொடி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன முடிவு என்று கேட்டேன். "மேனேசரு நல்ல பையன். நாக்காலியும் நல்ல நாக்காலி" என்றார். கொஞ்சம் தேய்த்தார். "ஆனா அவுக வேலை முடியிற எடத்துலதான எனக்கு வேலையே ஆரம்பிக்குது."

மறுநாள் அவரே ஜெகதீஸ்வரனுக்குப் போன் போட்டார். மழை மாசத்தில் மட்டும் வருகிறேன், தண்ணீர் வற்றியதும் கண்மாய்க்குப் போய்விடுவேன் என்றார். கம்பெனியில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. "அப்ப சரி தம்பி, வேண்டாம்" என்று வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த முட்டி வீங்கிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். ஞானையா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டவுனில் இருந்து ஒரு முட்டி உறை வாங்கிவந்து, காக்கிச் சட்டை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை காலை, கரையிலிருந்து ஒரு புது ஸ்கூட்டர் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் பால்ச்சாமி. பின்னால் காளீஸ்வரி; கையில் தோல் சுருங்கிப் பழுத்துப்போன அதே எலுமிச்சம்பழம். பால்ச்சாமி இறங்கவும் இல்லை, வண்டியை அணைக்கவும் இல்லை.

"ஒரு வாரமா அந்தப் பழத்த வச்சுக்கிட்டு உசுர வாங்குறா" என்றார்.

ஜெயக்கொடி முட்டி உறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினார். பால்ச்சாமி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வண்டியை அணைத்து, சாவியை உருவி அதில் வைத்தார். ஜெயக்கொடி விரலை மடக்காமல் அப்படியே கையைக் காளீஸ்வரி பக்கம் திருப்பினார்.