சங்கிலி இல்லாத மண்டபம்

இது கட்டுக்கதை இல்லை. மனுரேவா என்ற ஊரில் குடியிருக்கும் சஞ்சீவனுக்குப் போன ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

அவனும் மனைவி சுகந்தினியும் குசரிகாமா பழகுகிறார்கள். அரிவாளோடு சங்கிலியைச் சுழற்றும் ஜப்பானியச் சண்டைக்கலை. முதலில் சேர்ந்தவன் அவன். அவளைக் கூட்டிப்போனதும் அவன்தான். இரண்டு வருடமாக அவனுக்கு வராத வீச்சு, அவளுக்கு இரண்டு மாதத்தில் கைவந்தது. ஆண்டுவிழாவில் செய்து காட்ட, ஈப்போவிலிருந்து வந்து அங்கே கற்பிக்கும் மாஸ்டர் விநாயகமூர்த்தி அவளைத்தான் தெரிவு செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சஞ்சீவனும் தட்டினான். வயிறு எரிந்தது.

"உங்களுக்கு அடுத்த முறை தருவார்," என்றாள் காரில். அந்த ஆறுதல்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம், மூன்று நாற்பது. பயிற்சி மண்டபத்தைக் கூட்டுவது அந்த வாரம் அவன் முறை. சாவி அவனிடம் இருந்தது. வெளியே மழை. பயிற்சிக்கு மர அரிவாள், சங்கிலிக்குப் பதில் பருத்திக் கயிறு, நுனியில் ரப்பர் குண்டு. அலமாரியிலிருந்து அவளுடையதை எடுத்தான். கயிற்றைப் பாதி அறுத்துவிட்டால் போதும். மேடையில் குண்டு கழன்று பறக்கும். சபை சிரிக்கும்.

கயிற்றில் கத்தியை வைத்து அறுக்கத் தொடங்கினான்.

விர்ர்... விர்ர்...

பின்னால் ஏதோ சுழன்றது. மின்விசிறி என்று நினைத்தான். அந்த மண்டபத்தில் மின்விசிறி இல்லை.

மூன்று நாற்பத்தேழு. சத்தம் கிட்ட வந்தது. இரும்பின் சத்தம்... அங்கே இரும்புச் சங்கிலியே கிடையாது.

"ஆர் அது?"

சத்தம் நின்றது.

"சுகந்தி?"

கலகலவென்று ஓர் ஓசை. கத்தி பிடித்த கையை ஏதோ சுற்றியது. ஐஸ் போலக் குளிர். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இழுத்தது...

கத்தி விழுந்தது.

பிடி விட்டது.

ஓடினான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில், "மாஸ்டர், சுகந்தியின்ர கயிறை மாத்திவிடுங்கோ," என்று மட்டும் சொன்னான். ஏனென்று அவர் கேட்கவில்லை. அவன் சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போன தடம். ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"கையில கத்தி வச்சிருந்தீங்களா?"

"ஓம்."

மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன், அதே அலமாரியடியில் ஒரு மாணவன் இறந்து கிடந்தான். பக்கத்தில் அவன் கூட்டாளியின் கயிறு, பாதி அறுந்தபடி. போலீஸ் எவ்வளவோ தேடியும் சங்கிலி எதுவும் அகப்படவில்லை.

"அவனுக்கும் இதே தடம்தான்," என்றார். "கழுத்துல."