ஆறு மணிக்கு வா

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்தது நடந்ததுதான்.

அந்த வெளிநாட்டுக் கோடையில் நாற்பது நாள் விடாமல் மழை. கோடையாம், கோடை. துவைத்துப் போட்ட சட்டையில் பூஞ்சை பூத்தது. எனக்குப் பாட்டில் கம்பெனியில் இரவு வேலை. விடுதியில் ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் அறை. அதற்கு இரண்டு பேர். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை கட்டில் எனக்கு. மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை இன்னொருவனுக்கு. நான் போன பிறகு அவன் வருவான், அவன் போன பிறகு நான். முகத்தை இரண்டு தடவை பார்த்திருந்தால் அதிகம். சாக்கடை அடைப்பு எடுக்கிறவன். நான் வைத்த பெயர் தவளை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் 2.40. கதவு தட்டும் சத்தம்.

"அண்ணே, மழைன்னு வேலைய நிறுத்திட்டாங்க. கொஞ்சம் தொறங்க."

"ஆறு மணிக்கு வா."

"ஓரமா உக்காந்துக்கிறேன்ணே."

"இது என் நேரம். போடா."

வேலையில் கண்ணசந்ததற்கு இரண்டு முறை எச்சரித்திருந்தார்கள். மூன்றாவது முறை என்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். தூக்கம் எனக்குச் சோறு. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சளக்... சளக்... ஈரச் செருப்பு படியிறங்கிப் போனது.

மறுநாள் காலை, மெத்தை நனைந்திருந்தது. ஆள் படுத்த அச்சு. தலையணையில் குழி. துவட்டாமல் படுத்திருக்கிறது எருமை. 'துடைச்சிட்டுப் படு' என்று சீட்டெழுதி வைத்தேன். அடுத்த நாளும் ஈரம். அதற்கடுத்த நாளும். சீட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த செவ்வாய். மணி 2.40.

கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

சளக்... சளக்...

அறைக்குள்.

கட்டிலின் கால்மாடு அமுங்கியது. என் பாதத்தில் பனிக்கட்டி பட்டதுபோல்...

"ஓரமாத்தான் உக்காந்திருக்கேன்ணே."

கண்ணைத் திறக்கவில்லை. மூன்று மணி இருபது நிமிடம்.

6.00.

என் பக்கத்தில் மெத்தை அமுங்கியது.

"ஆறு ஆச்சு. எந்திரிங்கண்ணே."

வெறுங்காலோடு கீழே ஓடினேன். விடுதி மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என் கட்டில்ல படுக்கிறவன்..."

"எவன்? அவன் போன செவ்வாயே செத்துட்டானேய்யா. வேலை நின்னுபோச்சு, போக இடமில்ல. பக்கத்துக் கட்டடத்துல தரைக்குக் கீழ ஒரு தளம், அங்க போய் உக்காந்திருக்கான். வெள்ளம் ஏறிடுச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பகல்ல தூங்குறவன எழுப்பிச் சொல்றதுதான் என் வேலையா?"

"எத்தன மணிக்கு?"

"ஆறடிக்க அஞ்சு நிமிஷம். வாட்ச் அதுலயே நின்னுருந்துச்சு. கழட்டி கையில பிடிச்சிருந்தான். விரலப் பிரிக்கவே முடியல."

அன்றே வேலையை விட்டேன். ஊருக்கு வந்து நாலு மாதம். ஒரு சொட்டு மழை இல்லை. மாலை ஆறானால் கட்டிலை விட்டு எழுந்து நாற்காலிக்குப் போய்விடுகிறேன். அது அவன் நேரம்.

இன்று காலையும் மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம்.